பதினெட்டு லட்சத்துக்குப் பொறுப்பு

மார்ச் 1, புதன்

இந்தக் குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குப் பிடிக்காதது நடந்தாலும் விட்டுவிட மாட்டேன். ஏனென்றால் இது என் சொந்தக் கதை அல்ல. கருங்கண்மாய்ப் பேரூராட்சிக்கு வாசிப்புக்கூடம் வந்த வரலாறு.

முதலில், இதுவரை நடந்தவை. எங்கள் ஊரில் வாசிப்புக்கூடம் கட்டுவதற்காக அரசு போன வருடம் பதினெட்டு லட்சம் மானியம் கொடுத்தது. அது முதல் தவணை. தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் அடிக்கல் நட்டார்கள். கல் இருக்கிறது, கட்டடம் இன்னும் இல்லை. பணத்தைக் கூடத்துக்கே செலவழித்துவிட்டோம் என்று இந்த மார்ச் முடிவதற்குள் பயன்பாட்டுச் சான்று அனுப்பினால் இரண்டாம் தவணை வரும். இல்லாவிட்டால் வாங்கியதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் செயல் அலுவலர். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வரும்வரை, தலைமை எழுத்தராக இருக்கும் என் அம்மா தவமணிக்குக் கூடுதல் பொறுப்பு என்று உத்தரவு வந்திருக்கிறது. ஆகவே நான் வரலாற்றுக்கு மிக அருகில் இருக்கிறேன்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். உத்தரவைப் படித்துவிட்டு, "சம்பளம் கூடுமா?" என்று கேட்டார்.

"கூடாது. பொறுப்பு மட்டும்தான்."

"அப்ப நம்ம வீட்டுல ஏற்கெனவே இருக்குற மாதிரிதான்."

அம்மா கரண்டியை ஓங்கினாள். சிரித்துக்கொண்டுதான் ஓங்கினாள்.

மார்ச் 3

எனக்கு ஏன் கூடம் வேண்டும் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையலறை. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. நூலகத்துக்குப் போக வேண்டுமென்றால் பேருந்து ஏறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். போனாலும், புத்தகத்தைப் பிரித்ததும் திரும்பும் பேருந்துக்கு நேரமாகிவிடும். அதனால் பள்ளி விட்டதும் பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு அறையின் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறேன். சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "பாப்பா, யாரும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். ஒரு நாளாவது யாரும் எதுவும் கேட்காத நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுப் புத்தகம் படிக்க வேண்டும்.

மார்ச் 4, சனி

இன்று அம்மா ஆண்டுக் கணக்கின் வரைவு தயாரித்தாள். நான் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிப்பதால் எனக்கும் கொஞ்சம் புரிகிறது. வாசிப்புக்கூட மானியம் போன வருடக் கணக்கில் "வருமானம்" என்ற தலைப்பில் இருந்தது. அம்மா அதை எடுத்துப் "பொறுப்புகள்" என்ற தலைப்பில் போட்டாள். பொறுப்பு என்றால் நாம் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது என்று பாடத்தில் இருக்கிறது.

"மானியம் நமக்குக் குடுத்ததுதானே? அதெப்படிக் கடனாகும்?" என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரி மாவு அரைச்சிட்டு வாங்கக்கான்னு அரிசியக் குடுத்து விடுறா. அரிசி நம்ம கையில இருக்குன்னு உலையில போட்டுற முடியுமா? மாவ அவ கையில குடுக்குற வரைக்கும் அது அவ அரிசிதான். கூடத்தக் கட்டுனாத்தான் இந்தக் காசு நம்ம வருமானம்."

"போன வருஷம் உலையில போட்டுட்டாங்களா?"

அம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். வங்கியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "பரீட்சைக்குப் படிச்சிட்டியா?" என்று கேட்டாள். அவள் கவனம் கணக்கில் இருந்ததால் கேள்வி காதில் விழவில்லை போலிருக்கிறது.

மார்ச் 5

துணி துவைத்தேன். மழை இல்லை. அடிக்கல்லின் மேல் ஆடு நின்றுகொண்டிருந்தது.

மார்ச் 8, புதன்

மன்றக் கூட்டம். கூட்ட அறைக்கும் பதிவு அறைக்கும் நடுவில் உள்ள கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எனவே எல்லாவற்றையும் கேட்டேன்.

அம்மா வரைவுக் கணக்கை வாசித்தாள். "பொறுப்புகள், வாசிப்புக்கூட மானியம், பதினெட்டு லட்சம்" என்று வாசித்தபோது மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டதால் வெளியே போனாள். அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது.

ஏழாவது வார்டு உறுப்பினர் சேர்மக்கனி பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவர் எழுந்தார்.

"என் கடையில பாக்கின்னா பேரு இருக்கும். இன்னாரு, இவ்வளவுன்னு. இதுல பதினெட்டு லட்சத்துக்குப் பொறுப்புன்னு போட்டிருக்கு. யாரு பொறுப்புன்னு போடலையே?"

"நீரு ஒக்காரும்யா, சேர்மக்கனி" என்றார் தலைவர் அன்னபாக்கியம். அவருக்கு அண்ணன் பேத்தியின் வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. "பேருதான வேணும்? ஆர்டர்லயே போட்டிருக்கே. பொறுப்பு, தவமணி."

"சரி, அப்ப அந்தப் பேரப் போட்டுரச் சொல்லுங்க."

"ஏப்பா பாண்டீஸ்வரா, போட்டுரு."

இளநிலை உதவியாளர் பாண்டீஸ்வரன் அண்ணன் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர். எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டம் முடிந்தது. தேநீரில் இஞ்சி அதிகம்.

மார்ச் 9

தீர்மானத்தை அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். "வாசிப்புக்கூட மானியம் ரூபாய் பதினெட்டு லட்சத்துக்குப் பொறுப்பு: திருமதி தவமணி."

அம்மா நின்றுகொண்டே படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"என்னண்ணே இது? பொறுப்புன்னா லயபிலிட்டிண்ணே. பேரூராட்சி குடுக்க வேண்டியது."

"மேடம், தலைவரம்மா சொன்னாங்க, எழுதுனேன். உங்களுக்குத்தான பொறுப்பு போட்டிருக்காங்க?"

"அது வேற பொறுப்பு."

"ஒரே எழுத்துதான மேடம்" என்றார் பாண்டீஸ்வரன் அண்ணன். அவர் சொன்னது உண்மைதான். நான் இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை மன்றம்தான் திருத்த முடியுமாம். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில்.

மார்ச் 13

நாளை தமிழ்த் தேர்வு. ஜோஸ்பின் என் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். இன்று நுழைவுச்சீட்டு வாங்கும் வரிசையில் கேட்டாள்:

"ஏய் குழலி, உங்கம்மா பதினெட்டு லட்சம் கட்டணுமாம்ல? வீட்ட விக்கப் போறீகளா?"

"நாங்க இருக்கறது வாடகை வீடு" என்றேன்.

"அப்ப எதை விப்பீக?"

நல்ல கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் தையல் இயந்திரமும் அப்பாவின் சைக்கிளும் இருக்கின்றன.

மார்ச் 14

தமிழ்த் தேர்வு நன்றாக எழுதினேன். அம்மா மதியச் சாப்பாட்டை டப்பாவோடு திருப்பிக் கொண்டுவந்தாள். நேற்றும் அப்படித்தான். கத்தரிக்காய் அலுத்துவிட்டது போலும்.

மார்ச் 17

கடையில் பருப்பு வாங்கப் போனேன். அம்மாவைத் தெரிந்த ஒருவர், "நம்ம தவமணியா இப்பிடி?" என்று இன்னொருவரிடம் கேட்டார். என்னைப் பார்த்ததும் வெயிலைப் பற்றிப் பேசினார். வெயில் அதிகம் என்பதும் உண்மைதான்.

மார்ச் 19, ஞாயிறு

இன்று தலைவர் அன்னபாக்கியம் எங்கள் வீட்டுக்கே வந்தார். பெரிய வெள்ளரிப்பழம் ஒன்று கொண்டுவந்தார். பழுத்து வெடித்திருந்தது. நான் சர்க்கரை தூவிக் கொடுத்தேன். அப்பா பணிக்குப் போயிருந்தார்.

"தவமணி, நான் ஒத்த ரூவா தின்னேனா? நீயே சொல்லு."

"இல்லக்கா."

"போன வருஷம் கணக்குல மிச்சம் இருக்குன்னு காட்டுச்சு. கோடையில போர் மோட்டார் கருகிப் போச்சு. ஊரே கொடத்தத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிது. மோட்டார் வாங்குனேன். தீவாளிக்கு முன்னால குப்பை அள்றவுகளுக்குச் சம்பளம் நின்னுபோச்சு. அதக் குடுத்தேன். மிச்சம்னு இருந்ததத்தான செலவழிச்சேன்?"

"அது மிச்சம் இல்லக்கா. கூடத்துக்கு வந்த காசு. வருமானம்னு எழுதுனதால மிச்சம் மாதிரி தெரிஞ்சிருக்கு."

"சரி, போனது போச்சு. இப்ப நீ சான்றுல கையெழுத்துப் போடு. ரெண்டாவது தவணை பன்னெண்டு லட்சம் வரும். அத வச்சுச் சின்னதாக் கட்டிருவோம். ஒன் பேருல எழுதுனதும் அத்தோட தீந்துரும். தின்னுட்டோம்னா எழுதச் சொல்றேன்?"

"தின்னீகன்னு நான் சொல்லலக்கா. கட்டிட்டோம்னு நீங்க சொல்லச் சொல்றீக."

தலைவர் பழத்தைச் சாப்பிட்டு முடித்தார். போகும்போது என் தலையில் கை வைத்தார். "ஏ புள்ள, கூடம் தெறக்கும்போது மொதப் பொஸ்தகம் நீதான் எடுக்கணும். உங்கம்மாகிட்ட நீயாவது சொல்லு."

ஆக, பணம் இல்லை என்பது இன்றுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. குப்பை அள்ளாமல் தெரு நாறிய அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பள்ளிக்குப் போனோம். தீபாவளிக்கு முந்தின வாரம் திடீரென்று தெரு சுத்தமானது. நான் மகிழ்ச்சியாகக் கோலம் போட்டேன். அது என் வாசிப்புக்கூடத்தின் ஒரு பகுதி என்று அன்று தெரியாது.

மார்ச் 20

நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் பேனாவில் மை மட்டும் நிரப்பி வைத்தேன்.

மார்ச் 22

சான்றின் படிவம் அம்மாவின் மேசையில் இருக்கிறது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. நான் கூடத்துக்கு ஒரு வரைபடம் போட்டேன். பன்னிரண்டு லட்சத்தில் இரண்டு சன்னல் வைக்கலாம் என்று நினைக்கிறேன். வரைபடத்தைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அலுவலகம் மூடும் நேரத்தில் பார்த்தால் படிவம் இருக்கிறது, வரைபடத்தைக் காணவில்லை. பிறகு அது அம்மாவின் கைப்பையில் நாலாக மடித்து இருந்தது.

மார்ச் 24, வெள்ளி

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். இன்று நான் கேட்டுவிட்டேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டா என்னம்மா? யாரும் திருடலையே. கூடமும் வந்துரும், உன் பேரும் போயிரும்."

அம்மா தேய்த்த குக்கரையே மறுபடியும் தேய்த்தாள். "நீயுமா?" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா என்னை வெளியே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "தாயி, உங்கம்மா மூணு நாளாத் தூங்கல, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். ஒரே அறையில்தான் படுக்கிறோம்.

மார்ச் 26, ஞாயிறு

சேர்மக்கனியின் கடைக்கு எண்ணெய் வாங்கப் போனேன். கடையில் கூட்டம். அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"எங்க வார்டுல பூங்கா இருக்குய்யா, தெரியுமா? நான் கவுன்சிலரானதுலருந்து பூங்கா வேணும் பூங்கா வேணும்னு மனு மேல மனு போடுறேன். ஒங்க ஊருல சிறுவர் பூங்கா ஏற்கெனவே இருக்கு, அதனால புதுசாத் தர வழியில்லன்னே பதில் வருது. சர்க்காருக்குத் தெரியுது, எனக்குத்தான் கண்ணு தெரியல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எண்ணெயோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னால நடந்தது. பூங்காவுக்கு மானியம் வந்திருக்கு. கட்டி முடிச்சாச்சுன்னு சான்று போயிருக்கு. அடுத்த தவணைய வாங்கிக் கட்டிக்கிடலாம்னு நெனச்சிருக்காங்க. அந்தத் தவணை வேற எதுக்கோ போயிருச்சு. ஊஞ்சல், சறுக்கு எல்லாம் இன்னைக்கும் நம்ம சொத்துக் கணக்குல இருக்கு. வருஷா வருஷம் தேய்மானம் வேற எழுதுறோம்."

"இல்லாத ஊஞ்சல் தேயுமா?"

"கணக்குல தேயும்."

சாயங்காலம் பூங்காவைப் பார்க்கப் போனேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், கணக்கில் பூங்கா இருக்கும் இடத்தில், கருவேலம் மண்டிக் கிடந்தது. இரண்டு பையன்கள் ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்கா எங்கே என்று கேட்டேன். பக்கத்து ஊருக்குப் போக வேண்டும் என்று வழி சொன்னார்கள்.

மார்ச் 27

இன்று அம்மாவின் பேனாவில் மை நிரப்பவில்லை.

அம்மாவிடம், "நேத்து நான் போய்ப் பாத்தேன்" என்றேன். "ம்" என்றாள். இன்று டப்பா காலியாக வந்தது.

மார்ச் 30

உத்தரவு வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பக்கத்துப் பேரூராட்சியின் செயல் அலுவலர் எங்கள் ஊரையும் சேர்த்துப் பார்ப்பார். அம்மாவின் கூடுதல் பொறுப்பு நாளையோடு முடிகிறது. தலைவர்தான் எழுதிக் கேட்டிருக்கிறார்.

பாண்டீஸ்வரன் அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், நல்லதாப் போச்சு. நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுருங்க. வர்றவரு முந்தின தேதி போட்டு என்ன வேணா எழுதிக்கிடட்டும். உங்களுக்கென்ன?"

"என் பேரு அந்தத் தீர்மானத்துல இருக்குண்ணே."

"அதுவும் இருக்கு" என்றார் அவர். பிறகு, "நான்தான எழுதுனேன்" என்றார்.

அப்பாவிடம் அம்மா கேட்டாள்: "ஏங்க, என்னை எங்கயாவது தூரத்துக்கு மாத்திட்டா?" அப்பா, "எந்த ஊருக்கும் பஸ் இருக்கு" என்றார்.

மார்ச் 31, வெள்ளி

மதியம் கணக்குப்பதிவியல் தேர்வு முடிந்ததும் நேராக அலுவலகம் போனேன். தேர்வு சுமாராக எழுதினேன்.

நான்கு மணிக்குச் சிறப்புக் கூட்டம். கதவு திறந்தே இருந்தது. அம்மா சான்றை நிரப்பி வைத்திருந்தாள். உட்காராமல் பேசினாள்.

"இது இன்னைக்கே போகணும். பெற்றது பதினெட்டு லட்சம். கூடத்துக்குச் செலவு இல்லைன்னு எழுதியிருக்கேன். எதுக்குப் போச்சுங்கறதையும் எழுதியிருக்கேன். வர்ற வருஷங்கள்ல நமக்கு வர்ற நிதிப் பங்குல கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்கிடுங்கன்னு கேட்டிருக்கேன்."

"அப்ப கூடம்?" என்றார் தலைவர்.

"இப்ப இல்ல."

"நீ நாளைக்கு இந்தப் பொறுப்ப விட்டுப் போயிருவ. ஊருக்கு வர்றதத் தடுத்துட்டுப் போறியா?"

"கட்டியாச்சுன்னு எழுதிட்டா இந்த ஊருக்குக் கூடமே கெடையாதுக்கா. இருக்குற கூடத்துக்கு யாரு மறுபடியும் காசு தருவா? இல்லைன்னு எழுதுனா, கடனை அடைச்சிட்டு நாளைக்கு ஒரு நாள் கேக்கலாம். சேர்மக்கனி அண்ணாச்சியக் கேளுங்க, பூங்கா என்ன ஆச்சுன்னு."

சேர்மக்கனி ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அந்த ஒண்ணு போதும்" என்றார். "என் பேரன் டயர உருட்டிக்கிட்டுத் திரியுதான். இல்லாதத இருக்குன்னு இன்னொண்ணுக்கு என் கையால எழுதித் தர மாட்டேன். அம்மா எழுதுனபடியே போகட்டும்."

தலைவர் அம்மாவைப் பார்த்தார். மின்விசிறியில் ஓர் இறக்கை மட்டும் உரசிக்கொண்டே இருந்தது.

"வருஷா வருஷம் பிடிச்சா, ஊருக்கு ரோடு போட முடியாது. தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"என்னைத்தான் திட்டுவாக."

"ஆமாக்கா."

"எலெக்சன்ல நிக்க வேண்டாம்னு எம்புள்ளைக அப்பவே சொன்னாக" என்றார் தலைவர். யாரும் சிரிக்கவில்லை. "பாண்டீஸ்வரா, பழைய தீர்மானத்தத் திருத்தி எழுதுப்பா."

"பொறுப்புன்னு யாரு பேரப் போட?"

"எம் பேரையும் போடாத, அவ பேரையும் போடாத. கருங்கண்மாய்ப் பேரூராட்சின்னு போடு."

அவர் எழுதினார். இந்த முறை அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

சான்றையும் தீர்மானத்தையும் மன்றத்தில் ஒரு தடவை சத்தமாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் தலைவர். அவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. தலைவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"ஏ புள்ள, இங்க வா. ஒனக்குப் படிக்கப் பிடிக்கும்ல. படி."

நான் போய் நின்று படித்தேன். திக்காமல் படித்தேன்.

"வாசிப்புக்கூடத்துக்காகப் பெற்ற மானியம், பதினெட்டு லட்சம். வாசிப்புக்கூடம் கட்டுவதற்குச் செலவிட்ட தொகை, இல்லை. பணியின் நிலை, தொடங்கப்படவில்லை."

"இன்னொரு தடவ" என்றார் சேர்மக்கனி. அவருக்குக் காது மந்தம். அதையே இன்னொரு தடவை, முதலில் படித்ததைவிடச் சத்தமாகப் படித்தேன்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். அம்மா அதற்குக் கீழே போட்டாள். பாண்டீஸ்வரன் அண்ணன் முத்திரை குத்தி, மின்னஞ்சலில் அனுப்பினார். போய்விட்டது என்று கணினியில் வரும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அம்மா அலுவலகச் சாவிக்கொத்தைத் தலைவரின் மேசையில் வைத்தாள். "வெள்ளரிப்பழம் இன்னொண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார் தலைவர், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. அம்மா எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது கூட்ட அறையின் விளக்குகளை அணைத்தார்கள்.